ஒன்பதேகால் மணிக்கு எழுந்து நின்ற சரோஜா ஆன்ட்டி

என்னோடு கடைசி ஆறு வருடம் வேலை பார்த்த கவிதா போன வாரம் போன் செய்தாள்.

"மிஸ், நம்ம பிசியோ டிபார்ட்மென்டுக்குப் புது மெஷின் வந்திருக்கு. வயசானவங்க கால் பலத்துக்கு. சும்மா ஏறி நின்னா போதும், அதுவே அதிரும். திறப்பு விழாவுக்குச் சின்னதா ஒரு மலர் போடுறோம். பழைய ஸ்டாஃப்னு நீங்க ஏதாச்சும் எழுதிக் கொடுங்க லா."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். 'சும்மா ஏறி நின்னா போதும்' என்று அவள் சொன்னபோதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன். இந்தக் கட்டுரையை மலரில் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

இரண்டு மாதத்துக்கு முன் தெப்ராவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் இதே போல் ஒரு மெஷினைப் பார்த்தேன். வரிசையாக சோபா. வரிசையாகப் பெரியவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு பெட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு, இலவசமாகக் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். மைக் பிடித்த ஒரு பையன், "நீங்க உட்காருங்க, மெஷின் உங்களுக்காக நடக்கும்!" என்று கத்தினான். அவர்கள் கை தட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து, அந்தத் தாழ்வான சோபாவிலிருந்து ஒருவராலும் தானாக எழுந்திருக்க முடியவில்லை. ஆளுக்கு இரண்டு பேர் வந்து இழுத்துத் தூக்கிவிட்டார்கள். மைக் பிடித்த பையன் அதை மட்டும் போனில் படம் பிடிக்கவில்லை.

முப்பத்து நாலு வருடம் நான் பிசியோ வேலை பார்த்தேன். இப்போது ஸ்கூடாயில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலாலம்பூரில் மூன்று வருடம், தொடையில் இருக்கும் தசைகளின் பெயர்களை லத்தீனில் மனப்பாடம் செய்தேன். அந்தப் பெயர்களைக் கேட்டு ஒருவரும் எழுந்து நின்றதாக ஞாபகம் இல்லை. பத்து பாகாட் பக்கத்தில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அன்று மத்தியானம் வரை நீடித்தது.

பிரிவுத் தலைவர் புவான் ஹலிமா. புவான் என்றால் மலாயில் திருமதி; நாங்கள் அவரைப் புவான் என்றே கூப்பிடுவோம். குட்டையான மனுஷி. குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால் நாங்கள் சமாளித்திருப்போம். காலையில் ஜன்னல் ஓரம் நின்று, கார் நிறுத்துமிடத்தில் நோயாளிகள் காரைவிட்டு இறங்குவதைப் பார்ப்பார். யார் கதவைப் பிடிக்கிறார், யார் தொடையில் கையை ஊன்றுகிறார், யாரை மகன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குகிறான் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வார். அவர்கள் உள்ளே வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, முட்டிதான் கொஞ்சம் வலி" என்று சொல்லும்போது அந்தத் தாளை எங்கள் பக்கம் நகர்த்துவார்.

முதல் நாள் ஒரு பெரியவரிடம், "பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டு நான் ஃபைல் எழுதத் திரும்பினேன். புவான் கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு என்னைக் கூப்பிட்டார். "காமு புவாட் டூலு." நீ முதலில் செய்.

இருபத்தைந்து வயது. பத்து தடவை கடகடவென்று செய்து முடித்தேன். அவர் தலையாட்டவில்லை. நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காரச் சொன்னார். பாதங்களை முட்டிக்குப் பின்னால் இழுக்கச் சொன்னார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும்வரை குனிந்து, தரையைக் காலால் அழுத்தி எழ வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. எழுந்து முழுசாக நிமிர வேண்டும். அப்புறம் உட்கார வேண்டும், அதுவும் நாலு எண்ணி மெதுவாக. பின்புறம் நாற்காலியைத் தொடும் கடைசி நொடிவரை தொடைதான் உடம்பைத் தாங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் அது கணக்கில் இல்லை. பத்து, ஓய்வு, மறுபடி பத்து, ஓய்வு, இன்னொரு பத்து. முடித்தபோது என் தொடை ஆடியது. மறுநாள் மாடிப்படியில் நான் பக்கவாட்டாக இறங்கினேன்.

"இப்போது அந்தப் பெரியவருக்கு எத்தனை சொல்லுவாய்?" என்று மலாயில் கேட்டார்.

"அஞ்சு," என்றேன்.

"அவரை முதலில் பார். அப்புறம் சொல்."

அதற்கப்புறமும் எனக்குப் புத்தி முழுசாக வரவில்லை. பயிற்சிகளைப் படம் வரைந்து, நகலெடுத்து, வருகிற எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். எல்லாரும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஒரே பெருமை. புவான் ஒருநாள் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று நோயாளிகளின் வீட்டுக்குப் போனார். முதல் வீட்டில் என் தாள் காலண்டருக்குப் பின்னால் இருந்தது. இரண்டாவது வீட்டில் ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் பொரித்த மீனுக்கு அடியில் இருந்தது. எண்ணெய் ஊறி, குதிகாலை உயர்த்தி நிற்பதாக நான் வரைந்த பொம்மை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் புவான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைவிடக் கேவலம் எனக்கு வேண்டியதில்லை.

இனி சரோஜா ஆன்ட்டியைப் பற்றிச் சொல்கிறேன். புவான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது வந்த கேஸ். எனக்கு அப்போது இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ்.

அவருக்கு வயது அறுபத்தாறு. வீட்டுச் சமையலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கவனியுங்கள், மணிக்கட்டு. காலுக்கு ஒன்றும் இல்லை. ஒரு கிளினிக்கில் யாரோ 'ஓய்வு' என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை நாள், எந்த உறுப்புக்கு என்று எழுதவில்லை. அவருடைய கணவர் ராஜகோபால் அங்கிள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

துணி ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். நேரம் தவறமாட்டார். மனைவியை டிவிக்கு எதிரே சாய்வு சோபாவில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு மணியை வைத்தார். தண்ணீர் வேண்டுமென்றால் மணி. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் மணி. அவர் வந்து, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, கூட்டிப்போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். சமைப்பது, ஊட்டுவது, தலைசீவுவது எல்லாம் அவர்தான். பிள்ளைகள் சிங்கப்பூரில். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவர்மேல் பிரமிப்பு. கோயிலில் பெண்கள் தங்கள் புருஷன்மார்களுக்கு அவரைக் காட்டி இடித்துரைத்தார்கள். இப்படி எல்லாரும் மெச்ச மெச்ச, ஐந்து மாதத்தில் அந்த அம்மாளின் இரண்டு கால்களும் ஒன்றுமில்லாமல் போயின.

எங்களிடம் வந்தபோது சக்கர நாற்காலி. நான் ஆன்ட்டியைப் பார்த்துக் கேட்ட எல்லாவற்றுக்கும் அங்கிள் பதில் சொன்னார்.

"ஆன்ட்டி, நடந்தா எங்க வலிக்குது?"

"அவ நடக்கிறதே இல்ல மிஸ். நான் விடுறதில்ல."

"கையை ஊன்றாம எழுந்திருக்க முயற்சி பண்ணுங்க, ஆன்ட்டி."

"அவளால முடியாது மிஸ்."

ஆன்ட்டி குனிந்தார். பின்புறம் இரண்டு விரற்கடை எழும்பியது. உடனே அங்கிளின் கை அவர் கக்கத்துக்குள் போனது. "பாத்தீங்களா? முடியல" என்று, ஜெயித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

நாற்காலியின் மேல் கெட்டியான குஷன் இரண்டைக் கயிற்றால் கட்டி உயரத்தைக் கூட்டினேன். உயரமான இடத்திலிருந்து எழுவது சுலபம். பழகப் பழக ஒவ்வொரு குஷனாக எடுத்துவிடலாம். அங்கிளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். முதல் நாள் நாலு தடவை. இரண்டாவது வருகையில் ஆறு. மூன்றாவது வருகைக்கு மறுநாள் ஆன்ட்டிக்குத் தொடை வலித்தது. உழைக்காமல் கிடந்த தசை உழைத்தால் ஓரிரு நாள் வலிக்கத்தான் செய்யும். முன்னாலேயே சொல்லியிருந்தேன். அங்கிள் கேட்பாரா?

நேராகப் புவானின் அறைக்கு வந்துவிட்டார். மலாயும் தமிழும் கலந்து கத்தினார். "அஞ்சு மாசமா பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டேன். இந்த மிஸ் என் பொண்டாட்டிய கொல்லப் பாக்குது!"

புவான் தன் மேசைக்கு எதிரே இருந்த கைப்பிடி இல்லாத நாற்காலியைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். புவான் அவர் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். அவர் ஓய்ந்ததும், "தெரிமா காசி, என்சிக்" என்றார். நன்றி, ஐயா. அங்கிள் எழுந்தார். எழும்போது இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றி, ஒரு தடவை தவறி, இரண்டாவது தடவைதான் எழுந்தார். அவர் போனதும் புவான் ஆன்ட்டியின் ஃபைலில் ஒரு வரி எழுதினார்: கணவருக்கும் தேவை.

நான் அதற்குள் ஃபைலை மூடும் தாளைத் தயார் செய்துவிட்டேன். 'குடும்பத்தார் ஒத்துழைக்கவில்லை.' எங்கள் தொழிலில் இது வசதியான வாக்கியம். நாம் தோற்றதை மற்றவர் தலையில் இறக்கிவைக்கலாம். புவான் கையெழுத்துப் போடவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பார்" என்றார்.

போனேன். வரிசை வீடு. அங்கிள் மரியாதையாகத்தான் வரவேற்றார். எனக்குக் காப்பி கலக்க உள்ளே போனார். அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குக் கிடைத்தது. ஆன்ட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஆன்ட்டி, உங்களுக்கு என்ன வேணும்? அங்கிள விடுங்க. உங்களுக்கு."

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கதவச் சாத்திட்டு கக்கூஸ் போகணும் மிஸ்."

இருபது வருட சர்வீஸில் இப்படி நேராக ஒருவரிடம் நான் கேட்டதில்லை. முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கேட்டிருக்கிறேன்.

"அங்கிள் எப்ப வெளிய போவாரு?"

"தினம் காலையில ஒன்பது மணிக்கு. பேப்பர் வாங்கி, கோப்பித்தியாம்ல உட்கார்ந்து காப்பி குடிச்சுக்கிட்டே படிச்சிட்டுப் பத்து மணிக்கு வருவாரு. கேட்டப் பூட்டிட்டுத்தான் போவாரு. அந்த நேரத்துல நான் டிவி பாக்குறேன்னு நெனச்சுக்குவாரு."

பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் ஒருவரை எழுந்து நிற்கச் சொல்வது சரியில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு காக் யாவிடம் அவசரத்துக்கு ஒரு மாற்றுச் சாவி இருந்தது. கணவனை இழந்த மலாய்க்காரப் பெண்மணி, ஆன்ட்டிக்கு முப்பது வருடப் பழக்கம். யா என்பது பெயர், காக் என்றால் அக்கா. விஷயத்தைச் சொன்னதும், "அலமாக், இதற்கு இவ்வளவு ரகசியமா!" என்று சிரித்து, தினமும் வந்து பக்கத்தில் நிற்க ஒப்புக்கொண்டார்.

அப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. முதல் வாரம் நானே இரண்டு நாள் போய், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குஷனைக் கட்டி, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தேன். அதன்பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் சரியாக ஒன்பதேகால் மணிக்கு, பிரிவிலிருந்து ஆன்ட்டிக்குப் போன் செய்வேன். காக் யா போனை ஸ்பீக்கரில் போட்டு சமையலறை சிங்க் ஓரத்தில் வைப்பார். ஆன்ட்டி சத்தமாக எண்ணுவார். எண்ணினால்தான் மூச்சு அடைக்காது.

"ஒண்ணு... ரெண்டு..."

"மெதுவா உட்காருங்க ஆன்ட்டி. தொப்புனு சத்தம் கேட்டுச்சு. அது சேராது."

"உங்களுக்குக் காது பொல்லாத காது மிஸ்."

அப்புறம் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது. அப்புறம் ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. கடைசியில் ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு விரல் மட்டும் சிங்க்கில். புவானுக்கு இது தெரியும். ஒன்பதேகால் ஆனதும் தேநீர் எடுக்க அறையைவிட்டுப் போய்விடுவார். அவர் தேநீர் குடித்து நான் பார்த்ததே இல்லை.

ஆறாவது வாரம் ஒரு குஷன் போனது. பத்தாவது வாரம் இரண்டாவதும் போனது. ஒருநாள் போனில் எண்ணும் சத்தம் இல்லை. பயந்துபோய், "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று கத்தினேன். காக் யாதான் பேசினார். ஆன்ட்டி கழிவறையில் இருக்கிறாராம். கதவைச் சாத்திக்கொண்டாராம். இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். கேனத்தனம்தான். நானும் அழுதேன்.

அங்கிள் இருக்கும்போது ஆன்ட்டி பழையபடி மணி அடித்தார். நான் கேட்டேன், எதற்கு இந்த நாடகம் என்று. "சொன்னா நிறுத்திடுவாரு மிஸ். இன்னும் கொஞ்சம் பலம் வரட்டும்" என்றார்.

வந்த பலம் வேறு விதமாகத் தேவைப்பட்டது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கிள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஈரத் தரையில் கிடந்தபடி அவர் கத்தியது என்ன தெரியுமா?

"சரோ! நீ எழுந்திருக்காத! விழுந்துடுவ!"

அந்த நிலையிலும் அந்த மனிதருக்கு அதுதான் கவலை. மடத்தனம் என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஆன்ட்டி எழுந்தார். அது வழக்கமான நாற்காலி அல்ல, முட்டிக்குக் கீழே தாழ்ந்த சாய்வு சோபா. பாதத்தை உள்ளே இழுத்து, மூக்கை முன்னால் கொண்டுவந்து, ஒரே அழுத்தில் எழுந்தார். குளியலறை வாசலில் நின்று பார்த்தார். துண்டை எடுத்து எட்டிய மட்டும் அவர்மேல் போர்த்தினார். "அசையாதீங்க. கால நகர்த்தாதீங்க" என்றார். ஆணியில் தொங்கிய அங்கிளின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அங்கிள் வீட்டில் இருக்கும்போதும் பூட்டியே வைக்கும் கேட்டுவரை நடந்தார். பூட்டைத் திறந்தார். "யா! யா!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். காக் யா போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது ஆன்ட்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அங்கிளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. சில வாரம் கழித்து எங்கள் பிரிவுக்கு வந்தார். இந்த முறை சக்கர நாற்காலியில் அவர். பக்கத்தில் ஒரு கைத்தடியோடு ஆன்ட்டி நடந்து வந்தார். ஜன்னல் ஓரம் நின்ற புவான் துண்டுத்தாளில் எதுவும் குறிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அங்கிள் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "எட்டு மாசம் கீழ இறக்காம பாத்துக்கிட்டேன். அந்த ஓய்வுலதான் அவ கால் இப்படித் தேறியிருக்கு. இல்லன்னா அன்னிக்கு என் கதி என்ன?"

காத்திருந்த பெண்கள் உச்சுக்கொட்டி மெச்சினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போனார். நல்ல பிடி.

"சொல்லாதீங்க மிஸ்."

"ஏன் ஆன்ட்டி? அத்தனையும் நீங்க பண்ணது!"

"சொன்னா அவமானத்துல படுத்துடுவாரு. அவரு ஜாதகம் எனக்குத் தெரியும். இப்ப பாருங்க, கால் விஷயத்துல தனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. வார்டுல இருந்தப்ப நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை எனக்குத் திருப்பி வகுப்பெடுக்குறாரு. எனக்குச் செஞ்சு காட்டணும்னே எழுந்து எழுந்து உட்காருறாரு."

உள்ளே எட்டிப் பார்த்தேன். புவான் அவரை அந்தக் கைப்பிடி இல்லாத நாற்காலிக்கு மாற்றியிருந்தார். இரண்டு குஷன். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து, மூன்றாவது தடவை எழுந்துகொண்டிருந்தார்.

"சரோ, எங்க போன? இங்க வந்து பாரு! மெதுவா உட்காரணும், அதுதான் முக்கியம்!"

"அப்படியாங்க?" என்று சொல்லிக்கொண்டே ஆன்ட்டி உள்ளே போனார். அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு பதினோரு வருடம் அங்கிள் தன் காலில் நடந்தார். கோப்பித்தியாமுக்கு ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் எல்லாருக்கும் கால் பலத்தைப் பற்றிப் புத்தி சொன்னார். எனக்கு எங்கே பார்த்தாலும் புத்தி சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் நிமோனியா காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துப் போய்ச் சேர்ந்தார்.

இதை எழுதலாமா என்று கேட்க முந்தாநாள் ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். எண்பதைத் தாண்டிவிட்டது, குரலில் நடுக்கம் இல்லை. பெயரை மாற்றி எழுதுகிறேன் என்றேன். சரி என்றார். அங்கிள் செய்ததையெல்லாம் உள்ளபடி எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"எழுதுங்க மிஸ். ஆனா அவரு என்ன நல்லா பாத்துக்கிட்டாருன்னும் எழுதுங்க. அது பொய் இல்ல."

எழுதிவிட்டேன், ஆன்ட்டி.